டோராஜியை விதைத்து வளருங்கள்

கொரியர்கள் டோராஜி என்றும் ஜப்பானியர்கள் கிக்யோ என்றும் அழைக்கும் பல்லாண்டுச் செடி மணிப்பூக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிளாட்டிகோடான் என்ற பேரினத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. மொட்டு பலூன் போல உப்பி, ஐந்து இதழ்களின் ஓரமும் ஒட்டியபடியே சில நாள் நிற்கும். பிறகு நீல ஊதா நட்சத்திரமாக விரியும். விரிந்த பூவை உற்றுப் பார்த்தால் கேசரங்கள் முதலில் மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு வாடிச் சரிந்திருக்கும். அதன் பின்னரே நடுவில் சூல்முடி ஐந்தாகப் பிரியும். இந்த அழகில் மயங்கிப் பூத்த செடியைத் தொட்டியோடு வாங்கி நடுகிறவர்கள் பலர். டோராஜிக்கு அது ஏற்ற வழியல்ல; வளர வேண்டிய இடத்திலேயே விதைப்பதுதான் சரி.

காரணம் அதன் வேர். சதைப்பற்றுள்ள ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும்; தொட்டிக்குள் அதற்கு இடம் போதாது, பெயர்த்து நட்டால் முறியும். விதைப்பது எளிது. விதை முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால் வசந்தத்தில் மண்ணின்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். தண்ணீர் தேங்கும் மண் மட்டும் கூடாது, வேர் அழுகிவிடும். பூக்கப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு ஆகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் பல ஆண்டு நிலைத்துப் பூக்கும் செடிக்காக ஓராண்டு காத்திருப்பது பெரிய விலையல்ல. குளிர்காலத்தில் தண்டு முழுவதும் பட்டுப்போய், வசந்தத்திலும் மற்றச் செடிகளுக்குப் பிறகே துளிர்விடும்; செத்துவிட்டது என்று யாரும் கொத்திவிடாமலிருக்கப் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி வைக்க வேண்டும்.

டோராஜியின் வேரைச் சமைத்து உண்பதும் உண்டு. வேரைத் தின்றால் பூ ஏது என்ற கேள்வி இன்னும் வலுவானது. அதற்கும் விதைப்பே விடை. நெருக்கமாக விதைத்த பாத்தியில், இரண்டு மூன்று ஆண்டு கழித்து இடையிடையே தோண்டினால் சமையலுக்கு வேர் கிடைக்கும், எஞ்சியவை தாராளமாகப் பூக்கும். காட்டிலிருந்து தோண்டவும் தேவையில்லை. புல்வெளிகள் சுருங்கியதாலும் செடியைப் பெயர்த்தெடுத்ததாலும் ஜப்பானில் காட்டுக் கிக்யோ அருகிவரும் தாவரமாகிவிட்டது. வேரின் கசப்புக்குக் காரணம் அதிலுள்ள சப்போனின்கள். தோலைச் சீவி, நீளவாக்கில் கிழித்து, கல்லுப்புப் போட்டுப் பிசைந்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் கசப்பு தணியும். பிறகு பூண்டும் எள்ளெண்ணெயும் சேர்த்து வதக்குவார்கள். கொரிய வீடுகளில் முன்னோர் வழிபாட்டுப் படையலில் பழுப்புப் பெரணியோடும் பச்சைப் பசலையோடும் வெள்ளை நிறத்துக்கு வைக்கப்படுவது இந்த வேர்தான்.