வைத்தியம் இருக்கிறது, வழி எங்கே?

ஒரு ராஜ்யத்தின் சுகாதார நிலையை அறிய அதன் பெரிய வைத்தியசாலைகளின் மாடிகளை எண்ணுவதில் பயனில்லை. அவ்வைத்தியசாலைகளுக்கு அருகிலேயே வசித்தும் அவற்றின் பயனை அடையாதவர் யாவர் என்று விசாரிக்க வேண்டும். கடலூர் ஜில்லாவில் இவ்விசாரணையைச் செய்ய விரும்புவோர் சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்கும் பிச்சாவரத்துக்கும் செல்லும் சாலையில் கழியோரம் வரை போய்வந்தால் போதும்.

சிதம்பரத்தில் வைத்திய வசதிக்குக் குறைவில்லை. காமராஜர் பெயர் தாங்கிய அரசு மருத்துவமனை நகரில் உண்டு. அண்ணாமலை சர்வகலாசாலையில் 1985-ல் தோன்றிய ராஜா முத்தையா வைத்தியக் கல்லூரி, இன்று சர்க்காரின் மருத்துவக் கல்லூரியாக நடைபெறுகிறது. வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடந்து வருகிறது. மிகவும் நலிந்த பழங்குடியினருக்கென மத்திய சர்க்கார் 2023 நவம்பரில் தொடங்கிய திட்டத்தில் நடமாடும் வைத்திய வண்டிகளுக்கும் இடமுண்டு. அவ்வாறு நலிந்தோரெனத் தமிழ்நாட்டில் குறிக்கப்பட்ட ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒருவர்.

பிச்சாவரத்துக் கழிகளில் இருளர் வலையின்றி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி, இறாலும் நண்டும் பிடிக்கின்றனர். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஆண்களோடு பெண்களும் மணிக்கணக்காக நீரில் நிற்கின்றனர். இதே குலத்தார் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நாகம், விரியன் முதலிய பாம்புகளின் விஷத்தை எடுத்து மருந்து செய்வோருக்கு அளித்து வருகின்றனர். வயலில் பாம்பு தீண்டிய குடியானவன் பிழைத்தெழுந்தால், அம்மருந்துக்குப் பின்னே ஓர் இருளரின் கை இருந்திருக்கக் கூடும். அச்சங்கத்தைச் சேர்ந்த இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கித் தேசம் தன் நன்றியைத் தெரிவித்தது. விருது தக்கதே. ஆயின் இருவரைக் கௌரவித்ததால் எஞ்சியோரின் கடன் தீர்ந்துவிடாது.

தடை எங்கே இருக்கிறது? முதல் தடை நேரம். கழியில் வேலை கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்தது. வைத்தியசாலையின் வெளி நோயாளர் பகுதியோ கடிகாரத்தைப் பொறுத்தது. நீர் வற்றும் காலைப்பொழுதில் வைத்தியரிடம் சென்றால் அன்றைய அடுப்பு எரியாது. கூலியா, உடம்பா என்று கேட்டால் ஏழை கூலியையே தேர்கிறான். இது அறியாமையன்று, கணக்கு.

இரண்டாவது தடை காகிதம். சர்க்கார் வைத்தியசாலையில் சிகிச்சைக்குச் சான்று கேட்பதில்லை என்பது உண்மையே. ஆனால் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். பிரசவ உதவித் தொகைக்கு முற்பதிவும் வங்கிக் கணக்கும் வேண்டும். எல்லாவற்றுக்கும் விலாசம் வேண்டும். புறம்போக்கில் குடிசையிட்டவருக்கு விலாசம் ஏது? பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தர இயலாது. கோட்டாட்சியரே தர வேண்டும். பெற்றோரின் சான்று எங்கே என்று அங்கே கேட்டால், பள்ளிக்கூடமே காணாத பெற்றோரின் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

சான்றை எளிதாக்கினால் போலிகள் பெருகுவர் என்பர் சிலர். போலி மனிதன் கழியோரக் குடிசையில் வசிப்பதில்லை. அதிகாரி மேஜையை விட்டெழுந்து அக்குடிசைக்குச் சென்று பார்ப்பாரானால் மெய்யும் பொய்யும் ஒரே நாளில் விளங்கும். மெய்யானவனை வாயிலில் நிறுத்தி வைப்பது போலியைத் தடுக்கும் உபாயமாகாது.

இச்சான்று இல்லாததால் நேரும் பெருநஷ்டம் வேறொன்று. பிள்ளையின் விடுதியும் உபகாரச் சம்பளமும் அதைப் பற்றியே நிற்கின்றன. படிப்பு நின்றால் அக்குலத்திலிருந்து ஒரு தாதியோ சுகாதாரத் தொண்டரோ தோன்றுவதெப்படி? தன் இனத்துப் பெண் வந்து அழைத்தால் கர்ப்பிணி கூச்சமின்றி உடன் செல்வாள். இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்டோரின் விடுதலைக்கு அவர்களுக்குள்ளேயே கற்றவர் தோன்ற வேண்டுமென்பதை அப்பணி உணர்த்துகிறது.

ஆகவே சர்க்காரிடம் நாம் புதிய கட்டடம் எதையும் கேட்கவில்லை. கோட்டாட்சியர் தம் அலுவலகத்தை ஆண்டில் சில நாட்கள் கழியோரத்துக்குக் கொண்டு செல்லட்டும். வைத்திய வண்டி, வேலை முடிந்து ஜனங்கள் கரையேறும் வேளையில் வந்து நிற்கட்டும். வீடு தேடிச் செல்லும் தொண்டர்களில் இருளர் பெண்களுக்கு முதலிடம் கிடைக்கட்டும்.

கட்சித் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் இக்குடியிருப்புகளுக்கு வழி கண்டுபிடிப்பவர் நீங்கள். மற்றக் காலத்தில் அவ்வழி மறந்துபோவதேன்? எக்கட்சியாயினும் ஆளுக்கொரு குடியிருப்பை ஏற்றுக்கொண்டு, மனு எழுதிக் கொடுத்து, நோயாளியுடன் வைத்தியசாலை வரை ஒருமுறை நடந்து வாருங்கள். அதற்கு மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். அந்த நடையே தேசத் தொண்டு.