ஞாயிற்றுக்கிழமை தபேலா!

விழுப்புரத்து நண்பன் ஒரு ஞாயிறு என்னைத் திண்டிவனம் சர்ச்சுக்கு இழுத்துப் போனான். அப்பா ஆர்மோனியம், அம்மா பாட்டு, மகள் பின்பாட்டு, மகன் தபேலா. தாளம் பிசகினால் அப்பா முறைக்கிறார். அம்மா சிரித்தே சமாளிக்கிறார்!

''சர்ச்சுல கர்னாடக ராகமா?'' என்றேன் ஆச்சரியமாக.

''புதுசில்லே சார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போட்ட பாதை!'' என்றார் அப்பா.

ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர், சரபோஜி மன்னரின் நண்பர், 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். அவர் வம்சமே தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறது.

மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறதாம். ''இனிமே தபேலா?'' என்று கேட்டுத் தொலைத்தேன். அம்மா முகம் வாடிவிட்டது.

பையன் முந்திக்கொண்டான்: ''சனிக்கிழமை கடைசி பஸ்ஸைப் பிடிச்சுடுவேம்மா!''

ஞாயிறு என்றால் பத்து மணிவரை போர்வைக்குள் கிடக்கும் எனக்குத்தான் சுருக்கென்றது!