விமானச் சீட்டும் வீட்டுக் கணக்கும்

ஆகாயத்திற் பறப்பது தனவந்தருக்கே உரிய சுகபோகம் என்று எண்ணப்பட்ட காலம் ஒன்றிருந்தது. இன்றோ, மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கடல் கடந்து செல்லும் தாயும், உயர்கல்வியை நாடும் மாணவனும், வைத்தியத்துக்காகச் சென்னை செல்லும் முதியவரும் விமானத்தையே நம்பியிருக்கின்றனர். ஆடம்பரமாயிருந்தது அவசியமாகிவிட்டபடியால், அதற்காகும் செலவைச் சுருக்கும் வழியை அறிந்துகொள்வதும் குடும்பக் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

இதனை நாம் ஏட்டிற் படித்து அறிந்தோமல்லோம், பட்டறிந்தோம். எமது ஆச்சியாருக்கு வயது எண்பத்திரண்டு. அவருடைய ஒரே தங்கையார் 1990 ஆம் ஆண்டின் போர்க்காலத்தில் வள்ளமேறி இராமேசுவரம் சென்று, பின்னர் திருச்சிராப்பள்ளியிலேயே குடியமர்ந்துவிட்டார். அவர் நோயுற்றுப் படுக்கையாயிருக்கிறார் என்ற செய்தி 2025 ஆம் ஆண்டிலே எமக்குக் கிட்டியது. “உயிரோடை இருக்கேக்கை ஒருக்கால் முகத்தைப் பாக்கவேணும், மோனை” என்றார் ஆச்சியார். மறுமொழி கூற எமக்கு நாவெழவில்லை. ஆச்சியாருடன் நாமும் மனைவியும் மகனுமாக நால்வர் செல்வதென முடிவாயிற்று. ஆனால், நால்வருக்கும் சீட்டு வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு இலேசான காரியமா?

அக்காலத்து வழி

எம் முன்னோருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. 1914 ஆம் ஆண்டு முதல், தலைமன்னார் வரை புகைவண்டியிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலிலும், பின்னர் மீண்டும் புகைவண்டியிலுமாகச் சென்னையை அடையலாம். 1964 டிசம்பரில் வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. ஆகாய மார்க்கமும் புதியதன்று. 1947 டிசம்பரிலேயே ‘எயார் சிலோன்’ விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. யுத்தம் அவ்வழியை அடைத்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. கொரோனாத் தொற்றினால் 2020 இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச்சு இறுதியில் பலாலிக்கும் திருச்சிக்கும் நேரடி விமானம் பறக்கலாயிற்று. ஆச்சியாரின் ஆசைக்கு வழி திறந்தது அப்போதுதான்.

ஒரே விமானம், பல விலை

முற்காலத்தில் சர்வதேச விமானக் கட்டணங்கள் கம்பனிகளின் சங்கத்தினால் நிர்ணயிக்கப்பட்டு, அரசாங்கங்களால் அங்கீகரிக்கப்பட்டன. ஆகையால் எந்தக் கம்பனியிற் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே விலைதான். 1978 ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் உள்நாட்டு விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சட்டமியற்றியது. பிற நாடுகளும் காலப்போக்கில் அவ்வழியைப் பின்பற்றின. இன்று, அருகருகே அமர்ந்து செல்லும் இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருத்தல் சர்வசாதாரணம்.

இதன் சூட்சுமத்தை நாம் அறிதல் வேண்டும். ஒரு விமானத்தின் ஆசனங்களைக் கம்பனியார் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை வைக்கின்றனர். அடிப்படியில் உள்ள மலிவான ஆசனங்கள் சிலவே. அவை விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படியின் விலை தோன்றும். சுன்னாகச் சந்தையிலே பொழுது சாயும் வேளையில் கத்தரிக்காயின் விலை இறங்கும். மறுநாள் அது வாடிவிடும் என்பது வியாபாரிக்குத் தெரியும். விமான ஆசனமும் அப்படி அழியும் பண்டமே. விமானம் எழுந்த பின்னர் வெற்றாசனத்தை எவருக்கும் விற்க முடியாது. ஆயினும் கடைசி நாட்களில் அதன் விலை ஏறுவதே வழக்கம். ஏனெனில் கடைசி நேரத்தில் வருபவன் போயே தீரவேண்டியவன். சாவீட்டுக்கு ஓடுபவனும் அவசர அலுவலாகச் செல்பவனும் பேரம் பேசார் என்பதைக் கம்பனியார் நன்கறிவர்.

நாம் செய்த தவறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கணினியில் நல்ல விலையொன்றைக் கண்டோம். உடனே வாங்கினோமா? இல்லை. கொழும்பிலுள்ள மாமாவைக் கேட்டோம். நாளும் கோளும் பார்த்தோம். மூன்று நாட்கள் கழிந்து மீண்டும் பார்த்தபோது நால்வருக்கும் விலை உயர்ந்திருந்தது. எம் முகவாட்டத்தைக் கண்ட அயல்வீட்டு மாணவன் ஒருவன், “நாலு பேருக்கெண்டு கேளாமல் ஒராளுக்கு எண்டு கேட்டுப் பாருங்கோ, மாமா” என்றான். அவ்வாறே செய்தோம். என்ன வியப்பு! பழைய விலை அப்படியே இருந்தது.

காரணம் இதுதான்: மலிவான படியில் இரண்டு ஆசனங்களே எஞ்சியிருந்தன. நால்வருக்குச் சேர்த்துக் கேட்டதும், நான்கு ஆசனங்கள் உள்ள மேற்படியின் விலையையே கணினி நால்வருக்கும் காட்டியது. எனவே இருவருக்கு மலிவாகவும் இருவருக்குச் சற்றுக் கூடுதலாகவும் வாங்கினோம். ஆச்சியாரையும் மனைவியையும் ஒரே சீட்டுப் பதிவில் இட்டோம். பதிவுகள் பிரிந்திருப்பின், பிரயாணத் திகதி மாறும்போது ஒன்று மாறி மற்றொன்று மாறாதிருக்கக்கூடும். முதியவர்களையும் சிறுவர்களையும் தனிப் பதிவில் விடுதல் தகாது. பலாலித் தடத்திற் பறந்த ஏ.ரி.ஆர். 72 போன்ற சிறு விமானங்களில் எண்பதுக்கும் குறைவான ஆசனங்களே உள்ளன. அங்கே மலிவானவை விரைவில் மறைவதில் வியப்பில்லை.

தேடும் முறை

செவ்வாய்க்கிழமையில் வாங்கினால் மலிவு என்றும், நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்றும் பலர் கூறுவர். அதற்கெல்லாம் உறுதியான ஆதாரமில்லை. எந்த நாளில் வாங்குகிறோம் என்பதிலும் எந்த நாளிற் பறக்கிறோம் என்பதே முக்கியம். பாடசாலை விடுமுறை, சித்திரை வருடப்பிறப்பு, நத்தார், நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழா ஆகிய காலங்களில் விலை ஏறுவது இயல்பு. அக்காலங்களில் போகவேண்டியவர்கள் பல மாதங்களுக்கு முன்னரே வாங்கிவிடுதல் நன்று. ஏனையோர் வார நடுவிலும் அதிகாலையிலும் புறப்படும் விமானங்களை நோக்குவாராக.

‘கூகிள் பிளைற்ஸ்’, ‘ஸ்கைஸ்கேனர்’ முதலிய தளங்கள் ஒரு மாதத்து விலைகளை ஒரே பார்வையிற் காட்டும்; விலை மாறும்போது அறிவிக்கவும் செய்யும். அங்கே ஒப்பிட்டு அறிந்த பின்னர், விமானக் கம்பனியின் சொந்தத் தளத்தையும் பார்த்தல் வேண்டும். விலை ஒன்றாயின் கம்பனியிடமே வாங்குவது உத்தமம். விமானம் இரத்தானால் இடைத்தரகரைத் தேடி அலையவேண்டியதில்லை. முகவரிடம் வாங்குபவர்கள் பற்றுச்சீட்டையும் பதிவு இலக்கத்தையும் கையோடு பெற்று, அவ்விலக்கம் கம்பனியின் தளத்திற் காணப்படுகிறதா என்று சோதிப்பாராக.

கட்டணம் மட்டும் செலவன்று

திரையிற் காணும் விலையே முழுச் செலவென்று மயங்குபவர் பலர். பொதி, ஆசனத் தெரிவு, உணவு, வங்கி அட்டைக்கான மேலதிகக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். ஊர் திரும்பும்போது சேலையும் பாத்திரமுமாகப் பொதி பெருகுவது நம்மவர் வழக்கம். விமான நிலையத்திற் செலுத்தும் பொதிக் கட்டணம், முன்னரே செலுத்துவதிலும் பெரும்பாலும் அதிகம்.

ஓர் உதாரணம் கூறுவோம். கட்டுநாயக்காவிலிருந்து செல்லும் சீட்டு ஆளுக்கு 7,000 ரூபா மலிவென வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 28,000 ரூபா மிச்சம். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் போய்வர நால்வருக்கு 20,000 ரூபாவும், தங்கல், உணவு, வாகனம் ஆகியவற்றுக்கு 15,000 ரூபாவும் ஆகுமாயின், மலிவென்று வாங்கியது 7,000 ரூபா நட்டத்தில் முடியும். ஆச்சியாரின் முதுகுவலியை எந்தக் கணக்கிற் சேர்ப்பது?

இரண்டு விமானங்களுக்குத் தனித்தனியாகச் சீட்டு வாங்குபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறிப்போனால், இரண்டாவது கம்பனி பொறுப்பேற்பதில்லை. ஒரே சீட்டாக வாங்கியிருப்பின் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை அவர்களுடையது. இடையில் நீண்ட நேரம் விடமுடியாதவர்கள் இந்த மலிவை நாடாதிருத்தலே நலம்.

பெயரில் ஓரெழுத்து

எமக்கு நேர்ந்த மற்றொரு இடரையும் மறையாது கூறுவோம். தமிழருக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். கணினியோ குடும்பப் பெயரைக் கேட்கும். நாம் ஆச்சியாரின் பெயரை அடையாள அட்டையைப் பார்த்து எழுதினோம். கடவுச்சீட்டிலோ ஆங்கில எழுத்து ஒன்று வேறுபட்டிருந்தது. புறப்பட நான்கு நாட்கள் இருக்கையில் மகன் அதனைக் கண்டுபிடித்தான். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. கம்பனியார் கட்டணம் பெற்றுக்கொண்டு திருத்தித் தந்தனர். குற்றம் எம்முடையதே. கடவுச்சீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே எழுத்துக்கூட்டி எழுதுவாராக. அது செல்லுபடியாகும் காலம் ஆறு மாதங்களுக்குக் குறையாதிருக்கிறதா என்றும், செல்லும் நாட்டுக்கு விசா வேண்டுமா என்றும் முதலிலேயே பார்த்தல் அவசியம். விசா உறுதியாகுமுன், பணம் திரும்பக் கிடையாத சீட்டை வாங்குவது ஆபத்து. முதியோருக்குச் சக்கர நாற்காலி உதவி வேண்டுமாயின் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். பெரும்பாலும் அதற்குக் கட்டணமில்லை.

பலாலியில் ஏறியதிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கினோம். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கடக்க முடியாதிருந்த கடல் அவ்வளவுதான். படுக்கையிற் கிடந்த தங்கையார் தமக்கையாரின் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார முயன்றார். இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் கையை மற்றவர் தடவிக்கொண்டிருந்தனர். சீட்டில் மிச்சம் பிடித்த பணத்தில் இன்னும் இரண்டு நாட்கள் அங்கே தங்கினோம். நாம் கணக்குப் பார்த்ததன் பயனை அந்த இரண்டு நாட்களிலேதான் முழுதும் உணர்ந்தோம்.

பதறாத காரியம் சிதறாது என்பர். விமானச் சீட்டு விடயத்தில் பதறவும் கூடாது. நல்ல விலையைக் கண்டபின் தயங்கவும் கூடாது. தூரத்திலிருக்கும் முதியவரைப் பார்க்க எண்ணியிருக்கும் குடும்பத்தினர், அவசரச் செய்தி வரும்வரை காத்திராது, இன்று மாலையே பிள்ளைகளுடன் அமர்ந்து விலையைப் பார்க்கத் தொடங்குவார்களாக. அவசரத்தில் வாங்கும் சீட்டே எல்லாச் சீட்டிலும் விலை கூடியது; சில வேளைகளில் அது காலம் பிந்தியதுமாகும்.