நீரிலும் நிலத்திலும்

"ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்" என்பது நம் பழமொழி. நீரிலும் நிலத்திலும் இயங்க வேண்டிய போர் ஊர்திகளை வடிவமைக்கும் பொறியாளரின் நிலையும் இதுவே. ஒன்றைப் பெற மற்றொன்றை எங்ஙனம் இழக்க நேர்கிறது என்பதை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மிதக்கும் பொருள் தன் எடைக்கு நிகரான நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. அவ்விதிப்படி 14 டன் எடையுள்ள ஊர்தி மிதக்க 14 கனமீட்டர் நன்னீரை விலக்கியாக வேண்டும். ஆகவே அதன் உடல் பருத்திருத்தல் வேண்டும். பருத்த உடல் முழுவதையும் தடித்த கவசத்தால் போர்த்தினாலோ எடை மிகுந்து ஊர்தி மூழ்கும். சோவியத் நாடு 1950களில் படையிற் சேர்த்த பி.டி.-76 டாங்கி இதற்குச் சான்று. ஏறத்தாழ 14 டன் எடையுடைய அது ஆறுகளை நீந்திக் கடக்க வல்லது. 1971-இல் கிழக்கு வங்கப் போரில் இந்தியப் படையும் அதனைப் பயன்படுத்தியது. ஆயினும் அதன் மிகத் தடித்த கவசமே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர்தான்.

கனத்த டாங்கியையே மிதக்கச் செய்ய இயலாதா? ஹங்கேரியில் பிறந்த பொறியாளர் நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர் வகுத்த முறைப்படி, 30 டன்னுக்கு மேற்பட்ட ஷெர்மன் டாங்கியைச் சுற்றிக் கித்தான் திரை உயர்த்தப்பட்டது. கவசம் குறையவில்லை; ஆனால் வீரர்தம் உயிர் கித்தானை நம்பியிருந்தது. 1944 சூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாகா கடற்கரைக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில் ஒரு படைப்பிரிவு கடலில் இறக்கிய 29 டாங்கிகளுள் 27 மூழ்கின.

விரைவுக்கும் விலை உண்டு. அமெரிக்க மரைன் படையின் பழைய ஊர்தி நீரில் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டரே செல்லும். அதற்கு மாற்றாக உருவான ஈ.எஃப்.வி. ஊர்தி 45 கிலோமீட்டர் வரை விரைந்தது. நிலத்தில் 850 குதிரைத்திறன் போதிய அதற்கு நீரில் ஏறத்தாழ 2,700 தேவைப்பட்டது. நீர்மேல் வழுக்கிச் செல்லத் தட்டையான அடிப்பாகம் வேண்டும். கண்ணிவெடியின் தாக்கத்தைச் சிதறடிக்கவோ அது ஆப்புப்போற் சரிந்திருத்தல் வேண்டும். செலவும் பெருகவே, 2011-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பழைய ஊர்திகளே தொடர்ந்தன. 2020 சூலை 30 அன்று அவற்றுள் ஒன்று கலிபோர்னியக் கடலில் மூழ்கி ஒன்பதின்மர் மாண்டனர். பராமரிப்பிலும் பயிற்சியிலும் நேர்ந்த குறைகளை விசாரணை சுட்டிக்காட்டிற்று.

எல்லா நலனும் ஒருங்கே அமைந்த ஊர்தி இல்லை. எதனை விட்டுக்கொடுப்பது என முடிவு செய்வோர் வரைபடத்தின்முன் அமர்ந்திருக்கின்றனர்; அதன் விலையைச் செலுத்துவோர் ஊர்தியினுள் அமர்ந்திருக்கின்றனர். அறிவியல் பயிலும் நம் மாணவர்கள் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.