இணைப்பு அறுந்தாலும் கணக்கு தவறாதிருக்க...

கொழும்பில் மொத்தக் கடை, ஊரில் கிளைக் கடை. இரண்டையும் கணினியால் இணைத்த பின்னரும் மாலையில் கையிருப்புக் கணக்கு ஒத்துவருவதில்லை என வியாபாரிகள் சிலர் என்னிடம் கூறுவதுண்டு. இணைய இணைப்பு இடைக்கிடை அறுவதுதான் இதற்குக் காரணம் என்பது அவர்களது முடிவு. என் கருத்தோ வேறு. இணைப்பு அறுவதை நம்மால் தடுக்க முடியாது. அறுந்தாலும் கணக்குத் தவறாத மென்பொருளைத் தெரிவு செய்ய முடியும்.

இரு கணினிகள் தகவல் பரிமாறும் ஒழுங்கையே 'நெறிமுறை' என்கிறோம். யூ.டி.பி. என்பது சாதாரணத் தபால் போன்றது. அனுப்பியதோடு அதன் வேலை முடிந்தது. இணையவழிக் குரல் அழைப்புக்கு அது பொருந்தும். ரி.சி.பி. பதிவுத் தபால் போன்றது. கிடைத்ததாகப் பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பும். ஆயினும் அந்தப் பதில் மறுமுனைக் கணினிக்குத் தகவல் சேர்ந்ததையே காட்டும். பேரேட்டில் பதிவானதைக் காட்டாது. இடையில் இணைப்பு முற்றாக அறுந்தால், கடைசிப் பற்றுச்சீட்டு சேர்ந்ததா இல்லையா என்பதும் தெரியாது.

இந்தச் சிக்கல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணித்தவர்களுக்கும் இருந்தது. செலவு கூடிய செய்மதி இணைப்பில் சிறு தகவல்களை அனுப்புவதற்காக 1999இல் அன்டி ஸ்டான்போர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவர் எம்.கியூ.ரி.ரி. என்ற நெறிமுறையை உருவாக்கினர். ரி.சி.பி.யின் மேல் இயங்கும் இதில் மூன்று தரங்கள் உள்ளன. 0: ஒருமுறை அனுப்பி விட்டுவிடும். 1: பதில் கிடைக்கும் வரை விடாது, ஆனால் ஒரே தகவல் இருமுறை சேரலாம். 2: ஒருமுறை மாத்திரமே சேரும், அதற்காகக் கூடுதல் பரிமாற்றம் தேவை.

கடைக் கணக்குக்கு 1ஆம் தரம் போதும் என்பேன். ஆனால் ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் தனி இலக்கம் இருக்க வேண்டும். அதே இலக்கம் மீண்டும் வந்தால் தலைமைக் கணினி அதைத் தள்ளிவிட வேண்டும். இல்லையேல் ஒரு மூடை அரிசி இரண்டாக விற்பனையாகும்!

மென்பொருள் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பற்றுச்சீட்டு முதலில் கடைக் கணினியின் வன்தட்டில் பதிவாகிறதா? பேரேட்டில் பதிவானதாகப் பதில் வரும்வரை மீண்டும் அனுப்புகிறதா? இரட்டிப்பை இனங்காண்கிறதா?

வாய்ப் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். இணைய வயரைக் கழற்றிவிட்டுப் பத்துப் பற்றுச்சீட்டுகள் போடச் சொல்லுங்கள். கணினியை ஒருமுறை அணைத்து இயக்கி, வயரை மீண்டும் பொருத்துங்கள். தலைமைக் கடையில் பத்தும் இருந்தால், பத்து மட்டுமே இருந்தால், பணத்தைக் கொடுக்கலாம்.