நோய்க்கு நிதியா, லாபத்துக்கு நிதியா?



2024ஆம் ஆண்டுக் கடைசியில் தம்போய்த் தோழர் ஒருவர் ஒரு கடிதத்தோடு நம்மைத் தேடி வந்தார். முன்பு பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்குப் போனபின் தொழிற்சாலைக்கு வந்தவர்.

"மருத்துவக் காப்புறுதிக்கு மாசம் 180 வெள்ளி கட்டுறேங்க. இனிமே 250 கட்டணுமாம். பதினோரு வருஷத்துல ஒருநாள்கூட ஆஸ்பத்திரியில படுத்ததில்ல. எனக்கு ஏங்க இந்தத் தண்டன?" என்றார்.

2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். அதில் ஏழில் ஒரு பங்கு இதற்கே போனால், அடுப்பில் எதை ஏற்றுவது?

லயத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று மரண சகாய நிதி போட்டோமே, காப்புறுதியும் அடிப்படையில் அதுதான். நாம் படுக்காததால் கட்டிய பணம் வீணாகிவிடவில்லை. இன்னொரு தொழிலாளியின் ஆபரேஷனுக்குப் போயிருக்கும். ஆனால் நம் நிதியில் கிழவருக்கு ஒரு விலை, வாலிபனுக்கு ஒரு விலை என்று கிடையாது. பங்குதாரருக்கு லாபமும் ஏஜெண்டுக்குக் கமிஷனும் கிடையாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கம்பெனிகள் சொல்வதும் முழுப் பொய்யல்ல. 2021 முதல் 2023 வரை சிகிச்சைக்காகக் கொடுத்த தொகை 73 சதவீதம் ஏறியது, சந்தா 21 சதவீதமே ஏறியது என்று பேங்க் நெகாரா சொன்னது. தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. மருந்துக்கும் கையுறைக்கும் போடும் விலைக்கு இல்லை. ஆக, ஒரே நோயாளியிடம் இரண்டு பேர் லாபம் பார்க்கிறார்கள்.

பெர்க்கேசோவைப் பாருங்கள். 1971இல் தொடங்கியது. நம்மிடம் சுமார் அரை சதவீதம், முதலாளியிடம் அதைவிட அதிகம். பிடித்தம் சம்பளத்தைப் பார்த்து. நரைத்த தலையைப் பார்த்து அல்ல. ஆனால் அது வேலை விபத்துக்கும், தொழில் நோய்க்கும், உழைக்க முடியாமல் போவதற்கும்தான். சாதாரண நோய்க்கும் அதே நியாயம் வேண்டும் என்கிறோம். முதலாளியும் பங்கு போடும் கூட்டுக் காப்புறுதியைக் கூட்டு ஒப்பந்தத்தில் கேட்போம்.

அதுவரை ஆத்திரத்தில் பாலிசியைக் கிழித்துப் போடாதீர்கள். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு வந்தபின் புதுப் பாலிசி கிடைப்பது கஷ்டம். 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா போட்ட ஏற்பாடு 2026 முடியும்வரை. அதன்படி உயர்வைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பிரித்துத்தான் ஏற்றவேண்டும். தோழரின் 70 வெள்ளி, வருஷத்துக்கு 23, 24 வெள்ளியாக ஏறும். அடிப்படைத் திட்டத்தில் உள்ள 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒரு வருஷம் உயர்வை நிறுத்தச் சொன்னார்கள். மலிவான மாற்றுத் திட்டமும் கேட்கலாம். ஏஜெண்டு தானாக வந்து சொல்லமாட்டார்; நாம்தான் கேட்கணும்.

நோய் வந்தபின் சங்கத்தைத் தேடாதீர்கள். கடிதம் வந்ததுமே எடுத்துக்கொண்டு வாருங்கள்.