மலைப்பாதையும் பள்ளி வாசலும்

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை, தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 2020 மார்ச் 17-இல் மூடப்பட்ட அவர்களுடைய வகுப்பறைகள், 19 மாதங்களுக்கும் மேலாகப் பூட்டியே கிடந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட குழந்தை அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தது. ஆனால் வகுப்பறை எப்படியிருக்கும் என்பதை அக்குழந்தை அதுவரை கண்டதில்லை.

சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்த பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் அதற்கு முந்தைய ஒரு மாதமாக எங்களிடம் கேட்டது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, டாக்டர்?"

அனுப்பலாம் என்பதே எங்கள் விடையாக இருந்தது. மிகப் பெரும்பாலான குழந்தைகளை அனுப்பத்தான் வேண்டும் என்றும் சொன்னோம். ஆனால் திறந்த பள்ளி திறந்தபடியே இருக்குமா என்பது பள்ளிக்குள் நடப்பதை மட்டும் பொறுத்ததன்று. பெரியவர்களாகிய நாம் எங்கே போகிறோம், யாரைச் சந்திக்கிறோம், எந்த நிலையில் வீடு திரும்புகிறோம் என்பதையும் பொறுத்தது. பள்ளித் திறப்பையும் பயண விதிகளையும் ஒன்றாக வைத்து இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

திறப்பதும் மூடுவதும்

அதற்கு முந்தைய ஓராண்டைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 2020 நவம்பர் 9-இல் பெற்றோரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அம்மாதம் 16-இல் உயர் வகுப்புகளைத் திறக்கும் திட்டம் கைவிடப்பட்டது. 2021 ஜனவரி 19-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8-இல் ஒன்பது, பதினோராம் வகுப்புகளும் திறந்தன. மார்ச் 22-இல் பன்னிரண்டாம் வகுப்பு நீங்கலாக அனைத்தும் மீண்டும் மூடப்பட்டன. அதன்பின் வந்த இரண்டாம் அலையை நாம் எவரும் மறக்கப் போவதில்லை. செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மறுபடியும் திறந்தன. இந்த வரவு செலவு எதிலும் இடம்பெறாமல் வீட்டிலேயே இருந்தவர்கள் சிறு பிள்ளைகள்தாம்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. பள்ளியைத் திறப்பது ஓர் அரசாணையால் ஒரே நாளில் நடந்துவிடும். திறந்தே வைத்திருப்பது ஊரார் அனைவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

மூடிய பள்ளி உடலையும் பாதிக்கும்

பள்ளி இல்லாததால் படிப்பு போயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். 15 மாநிலங்கள் மற்றும் ஒன்றியப் பகுதிகளில் நடத்தப்பெற்று, 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கிராமப்புறக் குழந்தைகளுள் 8 விழுக்காட்டினரே ஒழுங்காக இணையவழியில் படித்ததாகவும், 37 விழுக்காட்டினர் படிக்கவே இல்லை எனவும் கண்டறிந்தனர். கைப்பேசிச் சமிக்ஞைக்காகக் காப்பித் தோட்டத்து மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த எண்கள் வியப்பளிக்க மாட்டா.

மருத்துவர்களாகிய எங்கள் கண்ணில் படுவது வேறொரு கணக்கு. மலைக்கிராமத்துப் பள்ளி படிப்புக்கான இடம் மட்டுமன்று. சத்துணவும் முட்டையும் கிடைக்கும் இடம். குடற்புழு நீக்க மாத்திரையும் வளரிளம் பெண்களுக்கான இரும்புச்சத்து மாத்திரையும் தரப்படும் இடம். 10 மற்றும் 16 வயதில் போட வேண்டிய ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகள் நினைவூட்டப்படும் இடம். கண் பார்வை மங்கிய பிள்ளையை ஆசிரியர் முதலில் கண்டுபிடிக்கும் இடமும் அதுவே. பள்ளி மூடியிருந்த காலத்தில் உலர் உணவுப் பொருள்கள் வீட்டுக்குத் தரப்பட்டன. ஆயினும் வீட்டுக்கு வந்த அரிசியும் பருப்பும் குடும்பம் முழுவதற்கும் பங்கிடப்படும். பள்ளித் தட்டில் விழும் சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரியது.

இன்னொன்றும் உண்டு. அப்போது மலையில் காப்பி அறுவடைக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளி இல்லாத பிள்ளை முதலில் துணைக்குப் போகும். பிறகு கூலிக்குப் போகும். பெண் குழந்தையாயின் படிப்பு முடியுமுன்னே திருமணப் பேச்சு எழும் ஆபத்தும் உண்டு. பழக்கம் விட்டுப்போன பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவதற்கு அந்த நவம்பரை விட்டால் வேறு நல்ல வாய்ப்பு அமைவது அரிதாக இருந்தது.

கொரோனா குழந்தைகளை விட்டுவைத்ததா?

இல்லை. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய குருதி ஆய்வில், 6 முதல் 9 வயது வரையுள்ளோரில் 57.2 விழுக்காட்டினருக்கும், 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் 61.6 விழுக்காட்டினருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள் இருந்தது. அப்போது குழந்தைகளுக்குத் தடுப்பூசி வந்திருக்கவில்லை. ஆகவே பள்ளி மூடியிருந்தபோதே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைரஸ் தொட்டுவிட்டது என்பது தெளிவு. வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர்களுள் பலர் வெளியே போய் வந்த பெரியவர்களே.

அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இலேசான காய்ச்சல், சளியுடன் தேறினர். பலருக்கு அறிகுறியே இல்லை. சிறு குழந்தைகள் இந்த வைரஸைப் பெரியவர்களைவிட நன்கு தாங்குகின்றனர் என்பதால், பள்ளிகளைத் திறக்க முடிவு செய்தால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது அறிவுடைமை என்று அக்கழகம் ஜூலையிலேயே கருத்துத் தெரிவித்தது.

ஆகவே பிள்ளை பள்ளிக்குப் போவதில் நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருந்தது, அப்பிள்ளை மாலையில் வந்து மடியில் அமரும் பாட்டியைப் பற்றி. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ள அந்தப் பாட்டிக்கு இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டாயிற்றா என்பதே பள்ளித் திறப்புக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டியிருந்த முதல் கேள்வி. கோவிஷீல்டு முதல் தவணைக்குப் பின் 84 நாளும், கோவாக்சின் முதல் தவணைக்குப் பின் 28 நாளும் கடந்திருந்தால், இரண்டாம் தவணையைத் தள்ளிப் போடாதீர்கள் என்று 2021-இல் சொன்னோம்.

குகையும் மேட்டுவெளியும்

வைரஸ் பரவும் முறையை விளக்க நாங்கள் சேர்வராயன் கோயிலையே எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. சேர்வராயரும் காவேரியம்மனும் வீற்றிருக்கும் இடம் குறுகலான குகை. அத்தகைய குகைக்குள் கற்பூரம் ஏற்றினால் புகை எளிதில் வெளியேறாது. பத்துப் பேர் நின்றால் பத்துப் பேர் மூச்சிலும் அது கலக்கும். அதே கற்பூரத்தை வெளியே, ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் காற்று வீசும் மேட்டுவெளியில் ஏற்றினால் புகை நொடியில் கலைந்துவிடும். நோயாளியின் மூச்சில் வரும் வைரஸும் அந்தப் புகையைப் போன்றதே. மே மாதத் திருவிழாவுக்குக் கூடும் மலைமக்கள், 2020-இலும் 2021-இலும் அம்மாதத்தில் கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லாததால் வீட்டிலிருந்தே வணங்க நேர்ந்ததன் காரணமும் இதில் அடங்கும்.

வகுப்பறை குகையாக இருக்க வேண்டுமா, மேட்டுவெளியாக இருக்க வேண்டுமா என்பதைச் சன்னல்கள் முடிவு செய்கின்றன. மலையில் இதற்கு ஓர் இடையூறு உண்டு. நவம்பர் மழையும் பனிமூட்டமும் குளிரும் சேர்ந்தால் சன்னலைச் சாத்தத்தான் கை போகும். சாத்த வேண்டாம், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்து, பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு கம்பளிச் சட்டை அணிவித்து அனுப்புங்கள். ஈரமான முகக்கவசம் பயன்படாது, மூச்சுக்கும் தடையாகும். மூடுபனியில் நடந்துவரும் பிள்ளையின் பையில் உலர்ந்த முகக்கவசம் ஒன்று மாற்றுக்கு இருக்கட்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முகக்கவசம் வேண்டியதில்லை.

பயண விதிகள்: எது தடை, எது தடையன்று

ஏற்காட்டு மக்கள் அளவுக்குப் பயண விதிகளோடு வாழ்ந்தவர்கள் குறைவு. 2020 செப்டம்பர் 1-இல் மாநிலத்துக்குள் இ-பாஸ் முறை நீக்கப்பட்டபோதும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களுக்கு அது தொடர்ந்தது. 2021 ஏப்ரல் 20 முதல் சுற்றுலாப் பயணிகள் அறவே தடுக்கப்பட்டனர். சுற்றுலாவை நம்பிய கடைக்காரர்களும் விடுதிப் பணியாளர்களும் வாகன ஓட்டுநர்களும் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் விதியின் பொருள் மருத்துவ நோக்கில் எளிது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் ஒவ்வொரு வாகனமும், மருத்துவ வசதி குறைந்த சிற்றூர்களுக்குள் நோயைக் கொண்டுவரக் கூடும். ஒரு மலைக்கிராமத்தில் பத்துப் பேர் ஒரே இரவில் மூச்சுத் திணறினால் அவர்களைக் கீழே கொண்டுவர எத்தனை ஊர்திகள் கிடைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இவ்விதிகள் நோயாளியைத் தடுப்பதற்காக எழுந்தவை அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020 ஜூலையில் ஓர் இரவு, மலைக்கிராமத்திலிருந்து ஆஸ்துமா உள்ள ஒன்பது வயதுச் சிறுமியைத் தந்தை தூக்கி வந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இன்ஹேலர் தீர்ந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. "பஸ் இல்லை. வண்டி பிடித்து வரலாம் என்றால் இ-பாஸ் வேண்டுமே என்று இருந்துவிட்டோம், சார்" என்றார் அவர். அப்போது மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லத்தான் இ-பாஸ் தேவை; ஏற்காடும் சேலமும் ஒரே மாவட்டம். அவருக்கு எந்த அனுமதியும் தேவைப்பட்டிருக்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டாள். அவர் அறியாதது அவர் குற்றமன்று. முந்தைய வருகையின்போதே அதைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதது எங்கள் குறை. அன்றிலிருந்து ஊரடங்குக் காலத்தில் மருந்துச் சீட்டோடு பயண விதியையும் சொல்லி அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டோம். 2021 மே 24-இல் தொடங்கிய கடும் ஊரடங்கின்போதும் மாவட்டத்துக்குள் மருத்துவக் காரணத்துக்காகப் பயணம் செய்ய இ-பதிவு தேவையில்லை என்றே அரசு அறிவித்தது.

இனியும் விதிகள் மாறலாம். எப்படி மாறினாலும் மருத்துவ அட்டையையும் மருந்துச் சீட்டையும் கையோடு வைத்திருங்கள். ஐயமிருந்தால் புறப்படுவதற்கு முன் 104 எண்ணில் கேளுங்கள். மூச்சுத் திணறல் போன்ற அவசரத்தில் எதையும் கேட்டுக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

தீபாவளி வாரம்

பள்ளி திறந்த நான்காம் நாள், 2021 நவம்பர் 4, தீபாவளி. 19 மாதம் காத்திருந்த வகுப்பறைக்கு முதல் சோதனை அதுவே. கீழேயிருந்து உறவினர் மலையேறுவர். மலையிலிருந்து துணி எடுக்கவும் பலகாரம் வாங்கவும் கடைவீதிகளுக்கு இறங்குவோம். உறைவிடப் பள்ளிகளுக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். வைரஸ் உடலில் புகுந்து அறிகுறி தோன்றப் பெரும்பாலும் சில நாள், சிலருக்கு 14 நாள் வரை ஆகும். ஆகவே அந்தத் தீபாவளியன்று நாம் செய்யும் பிழை, நவம்பர் நடுவில் வகுப்பறையில் இருமலாகக் கேட்கும் நிலை இருந்தது.

பண்டிகையைக் கைவிடச் சொல்லவில்லை. துணிக்கடைக்குக் குடும்பத்தோடு செல்லாமல் தடுப்பூசி போட்ட ஒருவர் மட்டும் சென்று வரட்டும். விருந்தினரோடு திண்ணையிலோ முற்றத்திலோ அமர்ந்து பேசுங்கள். காய்ச்சல் உள்ள உறவினர் வருவதாகச் சொன்னால், "குணமானதும் வாருங்கள்" என்று கூறத் தயங்காதீர்கள்.

யாரை அனுப்பலாம், எப்போது நிறுத்தலாம்?

மருந்தால் கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமா, வலிப்பு நோய், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளைத் தாராளமாக அனுப்பலாம். மருந்து ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது. வகுப்பாசிரியரிடம் நோயின் பெயரையும், அவசரத்தில் செய்ய வேண்டியதையும் எழுதிக் கொடுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்கள், உறுப்பு மாற்றம் பெற்றவர்கள், சிறுநீரக நோய்க்காகத் தொடர்ந்து ஸ்டீராய்டு உண்பவர்கள், பிறவி இதய நோயால் உடல் நீலம் பாரிப்பவர்கள் ஆகிய குழந்தைகளை அனுப்புவதற்கு முன் எங்களிடம் ஒருமுறை அழைத்து வாருங்கள். நேரில் வருவது கட்டாயமில்லை என்று 2021-இல் அரசு சொல்லியிருந்ததால் அப்போது அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் எந்தப் பிள்ளையையும் அன்று அனுப்ப வேண்டாம். ஒரு நாள் வருகை போவதால் பெரிய இழப்பில்லை. நவம்பர் டெங்குக் காய்ச்சலின் காலமும் ஆதலால், இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். வீட்டில் எவருக்காவது கொரோனா வந்து இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள், பிள்ளைக்கு விடாத காய்ச்சலுடன் கண் சிவப்பு, தோலில் தடிப்பு, கடும் வயிற்றுவலி, வாந்தி ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். இது அரிதாக வரும் பின்விளைவு. விரைந்து வந்தால் குணப்படுத்தக் கூடியது.

முதல்முறையாகப் பள்ளி வாசலில் நிற்கும் குழந்தை அழலாம். அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். அது நோயன்று; நாட்பட அடங்கிவிடும். பள்ளி தொடர்பான ஐயங்களுக்கு 14417 என்ற எண் இருக்கிறது. உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு நாங்கள் இருக்கிறோம். சன்னலைத் திறந்து வைப்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பாட்டிக்கு இரண்டாம் தவணை போடுவதும், மலைப்பாதையில் தேவையறிந்து ஏறி இறங்குவதும் நம் பொறுப்பாக இருந்தன.